லாகவுட் ஆன பிறகும் ஓடியவை: ஒரு கணினி ஆய்வகத்தில் நடந்தது

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி ஆய்வகத்தில் 30 கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் 12 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம். பகலில் மாணவர்கள் நேரில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். மாலைக்கு மேல் விடுதியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே தொலைவிலிருந்து உள்ளே வரும் முறை) மூலம் அதே கணினிகளுக்குள் வருவார்கள். இரண்டு விதமான வருகையும் ஒரே கணினியில் நடப்பதுதான் இந்தக் கதையின் வேர். ஆனால் அது எனக்குப் புரிய நாட்கள் ஆயின. அதற்குள் ஒரு ஆய்வு மாணவியின் மூன்று இரவு உழைப்பு போய்விட்டது. அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்த புகார் சாதாரணமானது. காலை முதல் வகுப்பிலேயே சில கணினிகள் தவழ்ந்தன. பிரவுசர் திறக்கவே நேரம் எடுத்தது. போய்ப் பார்த்தால் ரேம் நிரம்பி, ரேம் போதாதபோது வன்வட்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பும் பாதி போயிருக்கும். சரி, அணைத்துப் போடலாம் என்று மாணவர்கள் பவர் ஆஃப் கொடுத்தால், வேறு பயனர்கள் உள்ளே இருக்கிறார்கள், நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்று கணினி கேட்கும். எதிரே ஒருவரும் இல்லை, அறையே காலி. மாணவர்கள் என்ன செய்வார்கள்? பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார்கள். வன்வட்டை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க லாகின்சிடிஎல் என்ற கட்டளை உண்டு. அதில் முந்தின நாள் இரவு வந்துபோன மூன்று மாணவர்களின் பெயர்கள் இருந்தன. மூன்று செஷன்களின் (ஒருமுறை உள்ளே வந்து வெளியேறும் வரை ஒரு செஷன்) நிலையும் 'க்ளோசிங்', அதாவது மூடிக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மூடத் தொடங்கியது காலை ஒன்பது வரை மூடி முடியவில்லை.

ஒவ்வொரு செஷனுக்கும் கீழே எந்த ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், இருக்கிறது என்று விரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. எல்லாமே ஜூப்பிட்டர், பிரவுசரில் நோட்டுப்புத்தகம்போலக் கோடு எழுதி ஓட்ட உதவும் நிரல். தரவு அறிவியல் வகுப்பின் செய்முறைக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: ஜூப்பிட்டரை 'நோஹப்' போட்டுப் பின்னணியில் துவக்கவும், டெர்மினலை மூடினாலும் நிற்காது. மாணவர்கள் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். நோட்டுப்புத்தகத்தின் கர்னல் (அதன் கோடைப் பின்னால் ஓட்டும் ப்ராசஸ்) ஒவ்வொன்றும் ஏற்றிய தரவு முழுவதையும் ரேமில் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒரு புதிர் இருந்தது. அதே குறிப்பை வைத்து, அதே கட்டளையைப் பகலில் க்னோம் டெர்மினலில் அடித்த மாணவர்களும் உண்டு. அவர்களுடைய ஜூப்பிட்டர் லாகவுட் ஆன சில நொடிகளில் காணாமல் போனது. எஸ்எஸ்எச் வழியே வந்தவர்களுடையது மட்டும் தொடர்ந்து ஓடியது. மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது: இரவு எஸ்எஸ்எச்சில் எதையோ விட்டுப்போன மாணவர் மறுநாள் நேரில் வந்து டெஸ்க்டாப்பில் வேலை செய்து லாகவுட் ஆனால், அவருடைய டெஸ்க்டாப்பின் பின்னணிச் சேவைகளும் சேர்ந்து தங்கிவிடும். கட்டளை ஒன்றுதான், ஆனால் மூன்று விதமான முடிவு. இதைப் புரிந்துகொள்ளாமல் அமைப்பை மாற்றியதுதான் என் தவறு. விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் கற்றுக்கொண்ட வரிசை வேறு.

ஒரு செஷன் எப்படிப் பிறக்கிறது?

லாகின் திரையைக் காட்டுவது ஜிடிஎம் என்ற நிரல். நாம் கொடுக்கும் கடவுச்சொல்லை அது, சரிபார்க்கும் வேலையைச் செய்யும் பாம் என்ற அடுக்கிடம் ஒப்படைக்கிறது. எஸ்எஸ்எச் சர்வரும் இதே பாமிடம்தான் வருகிறது. கடவுச்சொல் சரி என்றானதும், பாமின் பட்டியலில் இருக்கும் சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் அமைப்பு) தொகுதி, லாகின்டி என்ற சேவையிடம் போய் இன்னார் வந்திருக்கிறார் என்று பதிவு செய்கிறது. லாகின்டி அந்த வருகைக்கு ஓர் எண் கொடுக்கிறது. ப்ராசஸ்களைக் குழு குழுவாகப் பிரித்து வைக்கும் லினக்ஸ் கர்னலின் சிகுரூப் மரத்தில் அந்தப் பயனருக்கென்று ஒரு கிளை, அதற்குள் இந்த வருகைக்கென்று ஒரு சிறு கிளை முளைக்கிறது. சிறு கிளையின் பெயர் செஷன் ஸ்கோப். அந்த வருகையில் பிறக்கும் ப்ராசஸ்களும் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த ஸ்கோப்பிலேயே இருப்பார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் பயனரின் முதல் வருகை என்றால், அவருக்கென்று தனியாக ஒரு சிஸ்டம்டி, யூசர் மேனேஜர், துவங்குகிறது. இது பக்கத்துக் கிளையில் உட்காரும். ஒருவர் பத்து முறை உள்ளே வந்தாலும் செஷன் ஸ்கோப்தான் பத்து ஆகும். யூசர் மேனேஜர் ஒன்றுதான். கடைசிச் செஷன் போனபின், வழக்கமாக 10 நொடி பொறுத்து, அதுவும் தனக்குக் கீழே உள்ள அனைத்தையும் நிறுத்திவிட்டு முடிகிறது.

2019-இல் வந்த க்னோம் 3.34-இலிருந்து க்னோம் தன் டெஸ்க்டாப்பை இந்த யூசர் மேனேஜர் வழியாகத் துவக்குகிறது. ஆகவே நாம் கண்ணால் பார்க்கும் டெஸ்க்டாப்பில் பெரும்பகுதி செஷன் ஸ்கோப்பில் இல்லை, பக்கத்துக் கிளையில் இருக்கிறது. க்னோம் டெர்மினலும் அதில் அடிக்கும் கட்டளைகளும் அங்கேதான். சந்தேகம் வந்தால் எந்த ப்ராசஸுக்கும் ப்ராக் கோப்புறையில் சிகுரூப் என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்தால் எந்தக் கிளை என்று ஒரே வரியில் தெரிந்துவிடும். இந்தக் கோப்பை முதல் நாளே நான் திறந்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இப்போது புதிர் தானாக அவிழும். டெர்மினலில் துவங்கிய ஜூப்பிட்டர் யூசர் மேனேஜரின் கிளையில் இருந்தது. லாகவுட் ஆனதும் மேனேஜர் போனது, அதுவும் போனது. நோஹப் அதைக் காப்பாற்றவில்லை. எஸ்எஸ்எச்சில் துவங்கியது செஷன் ஸ்கோப்பில் இருந்தது. டெபியனின் இயல்பான அமைப்பில், செஷன் முடிந்தாலும் ஸ்கோப்பில் மிச்சம் இருப்பவற்றை லாகின்டி தொடுவதில்லை. அந்த ஸ்கோப்பைக் 'கைவிடப்பட்டது' என்று குறித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளே உயிரோடு ஒரு ப்ராசஸ் இருக்கும்வரை செஷன் முழுதாக மூடாது, 'க்ளோசிங்'கிலேயே நிற்கும். செஷன் ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று யூசர் மேனேஜரும் போகாது. மூன்றாவது வகை மாணவர்களின் டெஸ்க்டாப் சேவைகள் தங்கியது இதனால்தான். ஆளே இல்லாத அறையில் பவர் ஆஃப் கேட்ட கடவுச்சொல்லும் இதனால்தான்.

நோஹப் பற்றி இரண்டு வார்த்தை. தொலைபேசிக் கம்பி வழியே டெர்மினல் இணைந்திருந்த காலத்தில், கம்பி அறுந்தால் யூனிக்ஸ் கர்னல் அந்த டெர்மினலின் ப்ராசஸ்களுக்கு 'லைன் போய்விட்டது' என்று ஒரு சிக்னல் அனுப்பும். நோஹப் செய்வது அந்த ஒரு சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று சொல்வது மட்டும்தான். 'நான் போனபிறகும் இதை ஓட விடு' என்ற அனுமதி அதில் கிடையாது. பல பத்தாண்டுகளாக அதை அனுமதிபோல நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் செய்த மாற்றம்

லாகின்டியின் அமைப்புக் கோப்பில் கில்-யூசர்-ப்ராசஸஸ் என்று ஒரு வரி உண்டு. அதற்கு 'யெஸ்' கொடுத்தால், செஷன் முடியும்போது அதன் ஸ்கோப்பில் இருக்கும் எல்லாவற்றையும் லாகின்டி நிறுத்திவிடும். நான் தேடியது இதுதான் என்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 30 கணினிகளிலும் மாற்றி, எல்லாவற்றையும் மறுதுவக்கம் செய்தேன். திங்கட்கிழமை காலை ஆய்வகம் பறந்தது. பட்டியலில் பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. எவருக்கும் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. குப்பையைத்தானே கூட்டினோம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆய்வு மாணவி ஒருவர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணா, ராத்திரியில மெஷினை ரீஸ்டார்ட் பண்றீங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"நான் போட்ட ரன் காலையில பார்த்தா இல்லண்ணா. டிமக்ஸே இல்ல. மூணு நாளா இப்படித்தான். என் கோடுலதான் தப்புன்னு நினைச்சு ராத்திரி முழுக்க அதையே நோண்டிக்கிட்டு இருந்தேன்."

டிமக்ஸ் என்பது டெர்மினலைப் பிரித்துவிட்டுப் போகவும், பிறகு வந்து அதே இடத்தில் சேர்ந்துகொள்ளவும் உதவும் நிரல். நீண்ட கணக்கீடு ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் கைத்தடி. பகல் முழுக்கத் துறையிலிருந்து எஸ்எஸ்எச்சில் இணைந்தபடியே கணக்கீட்டைக் கவனித்துவிட்டு, மாலையில் டிமக்ஸைப் பிரித்து, இணைப்பைத் துண்டித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். இரவில் ஓடி முடிந்திருக்க வேண்டியது அது. மூன்று நாளும் அப்படியே.

கணினி மறுதுவக்கம் ஆகவில்லை என்று, அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் காட்டியது. நினைவகம் போதாமல் கர்னல் கொன்றதற்கான சுவடும் இல்லை. அவருடைய நிரலின் பதிவிலும் பிழை எதுவும் இல்லை, நடு வரியில் நின்றிருந்தது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் அவர் இணைப்பைத் துண்டித்த நேரத்தைத் தேடினேன். அதே நிமிடத்தில் அவருடைய செஷன் ஸ்கோப்பின் பெயரும், அது வெற்றிகரமாக முடக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தன. பிழை என்று எதையும் தேடினால் இது அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. அவர் 'மறுபடி வருவேன்' என்று சொல்லிப் போனதை, வெள்ளிக்கிழமை நான் எழுதிய ஒரே வரி 'இனி வரமாட்டார்' என்று படித்திருக்கிறது.

அவரிடம் அப்போதே சொன்னேன், தவறு என்னுடையது, உங்கள் கோடில் ஒன்றுமில்லை என்று. மூன்று இரவைத் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த இரண்டாவது பாதியை அவர் கேட்பது முக்கியம். தன் வேலையையே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

2016-இல் நடந்த அதே சண்டை

அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சிறிய அளவில் செய்ததை சிஸ்டம்டி திட்டமே உலக அளவில் ஒருமுறை செய்திருக்கிறது. 2016 மே மாதம் வெளியான சிஸ்டம்டி 230-ஆம் பதிப்பில், இதே வரியின் இயல்பு மதிப்பை 'நோ'விலிருந்து 'யெஸ்' ஆக்கினார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது. டெஸ்க்டாப்பில் லாகவுட் ஆனபிறகு பல நிரல்கள் ஒழுங்காக முடியாமல் தங்கிவிடுகின்றன. பலர் பகிரும் கணினியில், வெளியேறியவரின் ப்ராசஸ்கள் நிர்வாகியின் அனுமதி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓட வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கேட்கட்டும்.

டெபியனில் உடனே பிழைப் புகார் பதிவானது. ஸ்கிரீன் (டிமக்ஸ் போன்ற இன்னொரு நிரல்), டிமக்ஸ், நோஹப் மூன்றையும் நம்பி வேலை செய்பவர்களுக்கு இது காலடி நிலம் நழுவியதுபோல இருந்தது. டெபியன் தன் தொகுப்பில் பழைய மதிப்பையே மீட்டுவைத்தது. ஃபெடோராவும் பழைய மதிப்பிலேயே இருக்கிறது. மூலத் திட்டத்தின் இயல்பு இன்றும் 'யெஸ்'தான். அதனால்தான் ஒரே சிஸ்டம்டி என்றாலும் கணினிக்குக் கணினி லாகவுட்டின் பொருள் மாறுகிறது. ஏதாவது ஒரு கையேட்டைப் பார்த்து நம் கணினியும் அப்படித்தான் என்று முடிவு கட்ட முடியாது.

டிமக்ஸ் திட்டத்திடம் போய், புதிய முறைக்கு ஏற்றபடி உங்கள் நிரலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டதும் நடந்தது. பின்னணிக்குப் போகும் நிரல்கள் பயன்படுத்தும் சி நூலகத்தின் செயற்கூறு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றத்தை அங்கே செய்தால் எல்லா நிரலுக்கும் போய்ச் சேருமே என்பது அங்கிருந்து வந்த பதில். எனக்கு அந்தப் பதில் சரியாகவே படுகிறது. ஒரு நிரல் பின்னணியில் நிற்க விரும்புகிறது என்பதை யூனிக்ஸில் சொல்லும் வழி ஏற்கெனவே இருந்தது. புதிய வழி வேண்டுமென்றால் பழைய வழிக்குள்ளேயே அதைப் பொருத்திக் கொடுப்பதுதான் மரியாதை.

ஆனால் மாற்றத்தின் நோக்கத்தையும் என்னால் தள்ள முடியவில்லை. லாகின்டிக்கு முன்னால் இந்த வேலையைக் கன்சோல்கிட் என்ற சேவை செய்தது. எந்த ப்ராசஸ் எந்தச் செஷன் என்பதை ஒரு சூழல் மாறியில் வைத்த அடையாளச் சீட்டால் அது கண்டுபிடித்தது. சீட்டைக் கிழித்தெறிந்த ப்ராசஸ் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதற்கும் முன்னால், எக்ஸ் என்ற வரைகலைத் திரை அமைப்பின் காலத்தில், எக்ஸ்செஷன் என்ற ஸ்கிரிப்ட் கடைசியாகத் துவக்கும் நிரல், பெரும்பாலும் விண்டோ மேனேஜர், முடிந்தால் செஷன் முடிந்தது. பின்னால் யார் தங்கினார் என்று பார்க்க ஆளில்லை. சிகுரூப்பிலிருந்து மட்டும் சாதாரணப் பயனரின் ப்ராசஸ் சொல்லாமல் நழுவ முடியாது. யார் மிச்சம் இருக்கிறார் என்று துல்லியமாகச் சொல்லும் கருவி கையில் வந்தபிறகுதான், அந்த மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வியே எழுந்தது.

இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு

வகுப்புக் கணினிகள் 28-இல் 'யெஸ்' அப்படியே இருக்கிறது. அங்கே ஒரு மாணவர் எழுந்து போனால் அடுத்தவர் உட்காருகிறார், லாகவுட் என்றால் போய்விட்டார் என்றுதான் பொருள். கூடவே ஒவ்வொரு பயனரின் கிளைக்கும் 6 ஜிபி என்று நினைவக வரம்பு வைத்தேன். எல்லாப் பயனர் ஸ்லைஸுக்கும் (பயனர் கிளைக்கு சிஸ்டம்டி வைத்த பெயர்) பொதுவாக ஒரு துணைக்கோப்பு எழுதினால் போதும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. உண்மையில் இந்த வரம்பை முதலிலேயே வைத்திருந்தால் காலைப் புகாரில் பாதி வந்தே இருக்காது.

மூலையில் இருக்கும் இரண்டு கணினிகளை நீண்ட கணக்கீட்டுக்கென ஒதுக்கினேன். அங்கே 'நோ' வைத்துவிட்டால் வேலை எளிது. ஆனாலும் 'யெஸ்' வைத்து, தங்க விரும்புகிறவர் சொல்லித் தங்கட்டும் என்று முடிவு செய்தேன். குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கவும் லாகின்டியில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் அவர்கள் மறந்துவிட்டுப் போனதும் சேர்த்துத் தங்கிவிடும். கேட்டுத் தங்குவதையும் மறந்து தங்குவதையும் கணினி பிரித்தறிய வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவை.

இதில் ஒருமுறை இடறினேன், அதையும் சொல்ல வேண்டும். லிங்கர் என்ற ஒரு வசதி உண்டு. ஒரு பயனருக்கு அதை இயக்கினால், அவர் உள்ளே இல்லாவிட்டாலும் அவருடைய யூசர் மேனேஜர் ஓடும். ஆய்வு மாணவியின் கணக்கில் அதை இயக்கிவிட்டு, என் கணக்கிலும் இயக்கிச் சோதித்தேன். டிமக்ஸ் மறுபடியும் செத்தது. ஏனென்றால் லிங்கர் காப்பது மேனேஜரையும் அதன் கிளையையும்தான். எஸ்எஸ்எச்சில் வெறுமனே துவக்கிய டிமக்ஸ் இன்னும் செஷன் ஸ்கோப்பில்தான் இருந்தது. மேனேஜர் உயிரோடு இருக்க, அதன் பக்கத்துக் கிளையை லாகின்டி வெட்டியது.

இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும்: லிங்கரும் வேண்டும், டிமக்ஸ் துவங்கும்போதே மேனேஜரின் கிளைக்குள் போகவும் வேண்டும். அதற்கு சிஸ்டம்டி-ரன் என்ற கட்டளை இருக்கிறது. பயனர் மேனேஜரிடம் புதிதாக ஒரு ஸ்கோப் கேட்டு, அதற்குள் டிமக்ஸைத் துவக்கும். 230-ஆம் பதிப்பு வந்தபோதே அதன் கையேட்டில் ஸ்கிரீனுக்கு இதே உதாரணத்தைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவ்வளவு நீளமாக அடிக்கச் சொன்னால் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் அந்த இரண்டு கணினிகளில் 'தங்கு' என்ற பெயரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்தேன். துவக்கும் முன் லிங்கர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் டிமக்ஸைத் திறக்காமல், என்னிடம் வரச் சொல்லித் தமிழில் ஒரு வரி காட்டும்.

கணினிகள் நால்வகையிலும் சரியாக இருக்கிறதா என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். டெஸ்க்டாப்பில் துவங்கி லாகவுட். எஸ்எஸ்எச்சில் துவங்கித் துண்டிப்பு. எஸ்எஸ்எச் இணைந்திருக்கையில் டெஸ்க்டாப் லாகவுட், பிறகு எஸ்எஸ்எச் துண்டிப்பு. 'தங்கு' மூலம் துவங்கித் துண்டிப்பு. கடைசியில் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும், அப்படியே இருந்தது. முன்பு வெள்ளிக்கிழமை நான் செய்யாமல் விட்ட சோதனை இதுதான்.

தரவு அறிவியல் ஆசிரியரிடம் பேசி, செய்முறைக் குறிப்பிலிருந்து நோஹப் வரியை எடுக்கச் செய்தேன். வகுப்பு வேலைக்கு அது தேவையே இல்லை. டெர்மினலைத் திறந்தே வைத்துவிட்டு, முடிந்ததும் ஜூப்பிட்டரை நிறுத்துங்கள் என்று இப்போது எழுதியிருக்கிறார். புதிய மாற்றம் எது செய்தாலும் லாகின் திரையிலேயே ஒரு வாரம் முன்பு அறிவிப்பு போடுகிறேன். ஜிடிஎம்மில் அந்த வசதி இருக்கிறது, நான் அதுவரை பயன்படுத்தியதில்லை.

ஆய்வு மாணவி அந்த வெள்ளிக்கிழமை மாலை 'தங்கு' போட்டுத் துவக்கினார். போகும்போது வாசலில் நின்று, "துண்டிச்சுட்டேன் அண்ணா, இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன், இருந்தது. ஞாயிறு காலை ஓடி முடிந்ததாகச் செய்தி அனுப்பினார்.

லிங்கர் இயக்கியவர்களின் பெயரில் ஆளுக்கொரு வெற்றுக் கோப்பை சிஸ்டம்டி ஒரு கோப்புறையில் வைக்கிறது. இப்போது அதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. செமஸ்டர் முடியும் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்பவர்களின் பெயரை எடுக்கிறேன்.